கிம்ப்பில் நியான் வெளிச்சம்: சுவரில் நிஜமாகவே எரிகிற மாதிரி ஒரு போர்டு செய்யலாம்

நியான் எழுத்து செய்வது எப்படி என்று தேடினால் கிடைக்கிற வீடியோக்கள் பெரும்பாலும் ஒரே ரகம். எழுத்தை டைப் செய், அவுட்டர் குளோ போடு, கலரை மாற்று, முடிந்தது. எழுத்து ஒளிர்வது என்னவோ உண்மைதான், ஆனால் படத்தின் மேல் யாரோ ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போன மாதிரி நிற்கும். காரணம் எளிது: அந்த வெளிச்சம் படத்தில் வேறு எதன் மேலும் விழவில்லை. நம்மூர் கல்யாண பேனர்களிலும் இதேதான், மாப்பிள்ளை தலைக்குப் பின்னால் பிரமாதமாகச் சூரியன் உதித்துக்கொண்டிருக்கும், முகத்திலோ ஸ்டூடியோ ஃபிளாஷ் முன்னாலிருந்து அடித்திருக்கும். பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஏதோ பொய் என்று மட்டும் தெரிந்துவிடும்.

அதனால் எந்த எஃபெக்ட் செய்வதானாலும் ஃபில்டர் மெனுவைத் திறப்பதற்கு முன்பு கேட்க வேண்டியது ஒன்றுதான்: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எதன் மேல் விழுகிறது? இங்கே ஒரு பரோட்டா கடை நியான் போர்டை முழுசாகச் செய்து பார்ப்போம். அது கைக்கு வந்தால் மற்றவை தானாக வரும்.

நான் பயன்படுத்துவது கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள். இலவசம். பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும் 1995-ல் தொடங்கியது, 2025 மார்ச்சில்தான் 3.0 வந்தது. முடிந்தால் அந்த 3.0-ஐயே போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் இப்போது படத்தை மங்கலாக்கும் பிளர் மாதிரி ஃபில்டர்களை லேயரோடு (படத்தின் மேல் அடுக்கிவைக்கும் கண்ணாடித் தாள் மாதிரி) ஒட்டி வைத்துவிட்டு, பிடிக்கவில்லையென்றால் பிறகு வந்து எண்ணை மாற்றலாம். பழைய பதிப்பில் போட்டால் போட்டதுதான். உங்களிடம் ஃபோட்டோஷாப் இருந்தாலும், பிரவுசரிலேயே ஓடும் ஃபோட்டோபீ இருந்தாலும் இதே வழிதான், மெனுவின் பெயர் கொஞ்சம் மாறும், அவ்வளவே.

முதலில் சுவர்

செங்கல் சுவர், பெயின்ட் உரிந்த சிமென்ட் சுவர், ஷட்டர், எதுவானாலும் சரி, மேடுபள்ளம் இருக்க வேண்டும். வழுவழுப்பான வெள்ளைச் சுவரில் வெளிச்சம் விழுந்ததே தெரியாது. சூரியன் மறைந்து கொஞ்ச நேரத்தில், வானம் நீலமாக இருக்கும்போது, ஃபிளாஷ் இல்லாமல் ஃபோனில் எடுத்தாலே போதும். பகலில் எடுத்த படம்தான் இருக்கிறது என்றால் இருட்டாக்கிக்கொள்ளலாம்: கலர்ஸ் மெனுவில் கர்வ்ஸ் திறந்து, கோட்டின் நடுவைக் கீழே இழுங்கள், வலது ஓரத்து மேல் முனையையும் மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு இறக்குங்கள். இந்த இரண்டாவது வேலையைப் பலர் செய்வதில்லை. படத்திலேயே அதிகப் பிரகாசமாக இருக்க வேண்டியது நாம் வைக்கப்போகும் விளக்கு. ஓரத்தில் ஒரு வெள்ளை பைக்கோ வானத்துண்டோ அதைவிடப் பளிச்சென்று இருந்தால் கண் அங்கேதான் போகும். அப்புறம் கலர் பேலன்ஸில் நிழல் பகுதிகளைக் கொஞ்சம் நீலத்துக்குத் தள்ளுங்கள். ஆனால் கும்மிருட்டாக்கிவிடாதீர்கள், செங்கல்லின் கோடு மங்கலாகவாவது தெரிய வேண்டும், இல்லையென்றால் வெளிச்சம் விழுவதற்கு இடமிருக்காது.

ஆரம்பத்திலேயே இமேஜ் மெனுவில் பிரெசிஷனை 16 பிட்டுக்கு மாற்றிவிடுங்கள். 8 பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், இருட்டுச் சுவரில் பெரிய பிளர் போட்டால் அந்தப் படிகள் வளையம் வளையமாகத் தெரியும்.

கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் 1920 பிக்சல் அகலமுள்ள படத்துக்கு. ஃபோனிலிருந்து வந்த 4000 பிக்சல் படமென்றால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குங்கள்.

குழாயை வளைப்பது

கூகுள் ஃபாண்ட்ஸில் கேட்டமரன் என்ற தமிழ் எழுத்துரு இருக்கிறது, மிக மெல்லியதிலிருந்து மிகத் தடிமன் வரை ஒன்பது எடைகளில் கிடைக்கும். அதில் மெல்லியதை எடுத்து 'பரோட்டா' என்று டைப் செய்யுங்கள், கிம்ப்பில் யூனிகோட் தமிழ் சரியாக வரும். ஃபோட்டோஷாப்பில் 'ரோ'வின் கொம்பு இடம் மாறி நின்றால் பதற வேண்டாம், பிரிஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குப் போய் வேர்ல்டு ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும்.

இந்த எழுத்து வெறும் வழிகாட்டிதான். அதன் ஒபாசிட்டியை, அதாவது எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்பதை, 30 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு, புள்ளிகளை இணைத்துக் கோடு வரையும் பாத் கருவியை எடுத்து, ஒவ்வொரு எழுத்தின் நடுக்கோட்டிலும் புள்ளி வைத்துக்கொண்டே போங்கள், வளைவு வருகிற இடத்தில் புள்ளியை வைத்ததும் விடாமல் இழுத்தால் கோடு வளையும், ஒரு எழுத்து முடிந்து அடுத்ததை அதே பாத்தில் தொடங்க ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு கிளிக் செய்ய வேண்டும். நியான் என்பது வளைத்த கண்ணாடிக் குழாய். அதற்கு ஒரே தடிமன்தான், முனைகள் உருண்டையாக இருக்கும். எழுத்துருவில் வரும் சதுர முனை இது குழாய் இல்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். 'ட்' மேல் வரும் புள்ளியையும் கவனியுங்கள், குழாயை வளைத்து அடைத்த பொட்டு வைக்க முடியாது, அதனால் ஒரு சின்ன வளையமாகப் போடுங்கள். இந்த ஒன்றிலேயே போர்டு நிஜமாகத் தெரிய ஆரம்பிக்கும்.

பொறுமை இல்லையென்றால் மெல்லிய எழுத்துருவையே குழாயாக வைத்துக்கொள்ளுங்கள், குடி முழுகிவிடாது.

பாத் வரைந்தாகிவிட்டதா? முழு ஒளிபுகும் புது லேயர் ஒன்று திறந்து 'குழாய்' என்று பெயர் வையுங்கள். எடிட் மெனுவில் ஸ்ட்ரோக் பாத், அகலம் 14 பிக்சல், லைன் ஸ்டைலை விரித்தால் கேப், ஜாயின் என்று இரண்டு வரும், இரண்டுக்கும் ரவுண்ட். நிறம்? நியான் வாயு உண்மையில் எரிவது ஆரஞ்சு கலந்த சிவப்பில். 1910 டிசம்பரில் ஜார்ஜ் கிளாட் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் காட்டியதும் அந்த நிறத்தைத்தான். நீலம், பச்சை, பிங்க் எல்லாம் ஆர்கானும் கொஞ்சம் பாதரசமும் சேர்த்து, குழாயின் உட்புறத்தில் பவுடர் பூசி எடுப்பவை. பரோட்டா கடைக்கு அசல் நியானே பொருத்தம்: சிவப்பு 255, பச்சை 70, நீலம் 30.

எரிய வைப்பது

இங்கேதான் நிறைய பேர் சறுக்குவார்கள். ஒரே ஒரு குளோ போதாது. கேமராவில் ஒரு விளக்கை எடுத்தால் அதைச் சுற்றி ஒட்டினாற்போல ஒரு அடர்த்தியான ஒளி, அதைத் தாண்டி மெதுவாகக் கரையும் ஒரு மூட்டம், இன்னும் தள்ளி ஏறக்குறைய தெரியாத ஒரு சாயல் என்று மூன்று அடுக்காக இருக்கும்.

ஆகவே குழாய் லேயரை மூன்று முறை நகல் எடுங்கள், கண்ட்ரோல் ஷிஃப்ட் டி. மூன்றையும் அசலுக்குக் கீழே தள்ளுங்கள். ஒன்றுக்கு காஸியன் பிளர் 8, அடுத்ததற்கு 30, மூன்றாவதற்கு 120. மூன்றின் மோடும் (கீழே இருக்கும் படத்தோடு லேயர் கலக்கிற விதம்) ஸ்கிரீன். கடைசி இரண்டும் ரொம்ப வெளிறியிருந்தால் அதே லேயரை இன்னொரு நகல் எடுத்து அடுக்குங்கள், அதிகமானால் ஒபாசிட்டியைக் குறையுங்கள்.

பிளர் போடுவதற்கு முன்பு லேயர் மெனுவில் 'லேயர் டு இமேஜ் சைஸ்' கொடுக்க மறக்காதீர்கள். டெக்ஸ்ட் லேயர் எழுத்தை ஒட்டிய ஒரு சின்னப் பெட்டிதான், அதைப் பெரிதாக்காமல் விட்டால் ஒளி பெட்டியின் விளிம்பில் கத்தியால் வெட்டிய மாதிரி நின்றுவிடலாம். பிளர் போட்டும் ஒளி வெளியே பரவவே இல்லையென்றால் லேயரில் ஆல்ஃபா லாக் (வெற்றிடத்தில் எதுவும் பதியாமல் தடுக்கும் பூட்டு) போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஏன் ஸ்கிரீன் மோட் என்றால், அதன் கணக்கு வெளிச்சத்துக்குத் தோதாக அமைந்திருக்கிறது. இரண்டு நிறங்களையும் தலைகீழாக்கி, பெருக்கி, மறுபடி தலைகீழாக்கும். 200-ம் 100-ம் சேர்ந்தால் 222 வரும். எத்தனை அடுக்கினாலும் 255-ஐத் தாண்டாது, மேல் லேயரில் கருப்பு இருக்கிற இடத்தில் எதுவுமே செய்யாது. அடிஷன் மோட் இதைவிட வேகமாக வெள்ளைக்கு ஓடிவிடும், அதைக் குழாயின் நடுப்பகுதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அந்த நடுப்பகுதி சிவப்பாகவே இருக்கக் கூடாது. ஒளிரும் குழாயைக் கேமரா பார்க்கும்போது மையம் தாங்காமல் வெளுத்துவிடும், நிறம் ஓரத்தில்தான் தங்கும். குழாய் லேயரின் மேல் வலது கிளிக் செய்து ஆல்ஃபா டு செலக்‌ஷன், செலக்ட் மெனுவில் ஷ்ரிங்க் 4, ஃபெதர் 3, புது லேயரில் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளையை நிரப்புங்கள். அவ்வளவுதான், விளக்கு எரியும். இந்த வெள்ளை மையம் இல்லாமல் எத்தனை குளோ போட்டாலும் அது பெயின்ட் அடித்த எழுத்துதான்.

சுவருக்கு வெளிச்சம் கொடுப்பது

சுவர் படத்துக்கு நேர் மேலே ஒரு லேயர், மோட் ஓவர்லே. 500 பிக்சல் அளவுள்ள மென்மையான பிரஷ், ஒபாசிட்டி 20, குழாயின் அதே நிறம். எழுத்துக்குப் பின்னால் சுவரில் மெதுவாகத் தடவுங்கள், நடுவில் இரண்டு மூன்று முறை, தள்ளிப் போகப் போக ஒரே முறை. ஓவர்லே இருட்டை இருட்டாகவே விட்டு வெளிச்சமான பகுதியைத் தூக்கிக் கொடுக்கும், அதனால் செங்கல்லின் முகம் சிவக்கும், இடுக்கில் இருக்கும் சிமென்ட் பள்ளம் கருப்பாகவே இருக்கும். சாதாரண மோடில் இதே வேலையைச் செய்தால் சுவரில் சிவப்புப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும்.

பிறகு படத்தில் வேறு என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். கீழே ஒரு ஸ்டீல் மேஜை, ஓரத்தில் கேஸ் சிலிண்டர், கடைக்காரரின் தோள். போர்டைப் பார்த்து நிற்கும் விளிம்புகளுக்கு மட்டும் சின்ன பிரஷ்ஷால் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு. எதிர்ப்பக்க விளிம்பைத் தொடவே தொடாதீர்கள். தரை ஈரமாக இருந்தால் ஜாக்பாட்: குழாய், குளோ லேயர்களின் நகல்களை ஒன்றாக்கி, செங்குத்தாகத் திருப்பி, தரைக்குக் கொண்டுவந்து, மோஷன் பிளரில் கோணம் 90, நீளம் 60 கொடுங்கள், மோட் ஸ்கிரீன், ஒபாசிட்டி 35. அதற்கு ஒரு லேயர் மாஸ்க் சேர்த்து, கீழே போகப் போக மறைகிற மாதிரி கருப்பு வெள்ளை கிரேடியன்ட் இழுங்கள். மாஸ்க்கில் வெள்ளை இருக்கும் இடம் தெரியும், கருப்பு இருக்கும் இடம் மறையும், சாம்பல் பாதி. அழிப்பான் கருவியை மறந்துவிடுங்கள், அதனால் அழித்தது போனது போனதுதான், மாஸ்க்கில் மறைத்தது எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரும்.

வேலை சரியா என்று பார்க்க ஒரு நல்ல வழி: குழாய் லேயரையும் குளோ லேயர்களையும் கண் ஐகானைத் தட்டி மறைத்துவிடுங்கள். வெறும் சுவரைப் பார்த்தே அங்கே ஏதோ எரிகிறது, இந்த உயரத்தில், இந்த நிறத்தில் என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் சரி. இல்லையென்றால் இன்னும் தடவ வேண்டும்.

இனி எனக்குப் பிடித்த குறும்பு ஒன்று. ஒரு எழுத்தை அணைத்துவிடுங்கள். 'டா' எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம், அந்த இடத்தில் எல்லா குளோ லேயர்களையும் வெள்ளை மையத்தையும் மாஸ்க்கில் மறைத்து, குழாயை மட்டும் மங்கிய சாம்பலாக்கி, பக்கத்தில் எரியும் 'ட்' இருக்கிற இடது பக்கத்தில் மட்டும் அதற்கு ஒரு ரோமக்கோடு சிவப்பு கொடுங்கள். சுவரில் அந்த எழுத்துக்குப் பின்னால் தடவிய வெளிச்சத்தையும் குறைத்துவிடுங்கள். முழுசாக எரியும் போர்டை ஒரு நொடி பார்த்துவிட்டு நகர்கிறவர்கள் 'பரோட்' என்று எரிகிற போர்டில் நின்றுவிடுவார்கள்.

கடைசியாக எல்லாவற்றுக்கும் மேல், நியூ ஃப்ரம் விசிபிள் கொடுத்து வரும் லேயரில் நாய்ஸ் ஃபில்டரில் ஆர்ஜிபி நாய்ஸ், 0.03 அளவுக்கு. கம்ப்யூட்டரில் செய்த ஒளி சுத்தமாக இருக்கும், இரவில் ஃபோனில் எடுத்த சுவரில் பொடிப்பொடியாக நாய்ஸ் இருக்கும், இரண்டையும் ஒன்றாக்க இது வேண்டும்.

ஸ்கிரீன் மோட் தெரிந்தால் டபுள் எக்ஸ்போஷரும் வந்துவிட்டது

ஃபிலிம் காலத்தில் ஒரே ஃபிரேமில் இரண்டு முறை எடுப்பார்கள். முதல் படத்தில் இருட்டாக இருந்த இடத்தில் ஃபிலிம் இன்னும் வெளிச்சம் படாமல் இருக்கும், இரண்டாவது படம் அங்கே பதியும். ஸ்கிரீன் மோட் செய்வதும் இதையேதான். பக்கவாட்டில் பார்க்கும் ஒரு முகம் வேண்டும், வெளுத்த வானத்துக்கு எதிரே எடுத்தது. லெவல்ஸில் வானத்தை முழு வெள்ளைக்கும் தலைமுடியை முழுக் கருப்புக்கும் தள்ளுங்கள். மேலே ஒரு பனங்காட்டுப் படத்தைப் போட்டு ஸ்கிரீன் கொடுத்தால் மரங்கள் முகத்துக்குள் மட்டும் நிற்கும், வெள்ளை வானத்தில் தானாகக் காணாமல் போகும். ஒன்றையும் வெட்ட வேண்டியதில்லை. கண்ணும் உதடும் மரத்தில் மறைந்துபோனால் அங்கே மட்டும் மாஸ்க்கில் கருப்பைத் தடவி முகத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பின்னணி கசகசவென்று இருக்கும் முகப்படத்தை வைத்து இதை முயலாதீர்கள், நேரம்தான் வீண். ஃபோனிலேயே பார்க்க ஆசையென்றால் ஸ்னாப்சீடில் டபுள் எக்ஸ்போஷர் என்றே ஒரு கருவி இருக்கிறது, சின்ன வேலைக்குப் போதும்.

இரண்டு படங்களின் நிறமும் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும். அதற்குக் கலர்ஸ் மெனுவில் மேப், அதற்குள் கிரேடியன்ட் மேப். முன்நிறம் அடர்நீலம், பின்நிறம் வெளிர்மஞ்சள் வைத்து, முன்நிறத்திலிருந்து பின்நிறத்துக்குப் போகும் கிரேடியன்ட்டைத் தேர்ந்தெடுத்தால் படத்தின் இருட்டெல்லாம் நீலம், வெளிச்சமெல்லாம் மஞ்சள். இரண்டு நிறங்களில் ஒன்று நிஜமாகவே இருட்டாக, மற்றது நிஜமாகவே வெளிச்சமாக இருக்க வேண்டும். நடுத்தரச் சிவப்பும் நடுத்தரப் பச்சையும் எடுத்தால் சேறுதான் மிஞ்சும்.

ஆர்டன் எஃபெக்டும் இதே குடும்பம்தான். மைக்கேல் ஆர்டன் என்ற புகைப்படக்காரர் 1980-களில் கூர்மையான ஒரு ஸ்லைடையும் மங்கலான ஒரு ஸ்லைடையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் செய்தது. லேயரை நகல் எடுத்து, பிளர் 25, மோட் சாஃப்ட் லைட், ஒபாசிட்டி 40. பனிமூட்டத்துக்கும் காலை வெயிலுக்கும் அழகு. உச்சிவெயில் படத்தில் போட்டால் கண்ணாடி துடைக்காமல் பார்ப்பது போலிருக்கும்.

பழுதான டிவி மாதிரி நிறம் விலகித் தெரியும் கிளிட்ச்சுக்கு, டீகம்போஸ் கொடுத்து மூன்று நிறங்களையும் தனி லேயர்களாகப் பிரித்து, சிவப்பை மட்டும் ஆஃப்செட்டில் 12 பிக்சல் நகர்த்தி, ரீகம்போஸ். முடிந்தது. லென்ஸ் ஃபிளேர் ஃபில்டரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, அதைத் தொடாதீர்கள்.

வெளியே அனுப்பும்போது

வேலை செய்த ஃபைலை எக்ஸ்.சி.எஃப். ஆகவே சேமித்து வையுங்கள், லேயர்கள் அதில்தான் தங்கும். அனுப்புவதற்கு ஜேபெக். ஆனால் நியான் சிவப்புக்கு இங்கே ஒரு வில்லன் இருக்கிறான். ஜேபெக் இடத்தை மிச்சப்படுத்த, வெளிச்சத் தகவலை முழுசாக வைத்துக்கொண்டு நிறத் தகவலைப் பாதியாக, கால்வாசியாகக் குறைத்துவிடும். சாதாரணப் படத்தில் கண்ணுக்குத் தெரியாது, இருட்டின் மேல் அடர்சிவப்புக் கோடு இருக்கும் படத்தில் விளிம்பெல்லாம் பிசிறடிக்கும். எக்ஸ்போர்ட் ஜன்னலில் அட்வான்ஸ்டு பகுதியைத் திறந்து சப்சாம்பிளிங் 4:4:4 வையுங்கள், குவாலிட்டி 92. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது மறுபடி நசுக்கி இத்தனை வேலையையும் கெடுத்துவிடும், டாகுமெண்ட்டாக அனுப்புங்கள். ஃபிளெக்ஸ் கடைக்குக் கொடுப்பதென்றால் முதலில் ஒரு சின்ன அச்சு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், திரையில் கண்ணைப் பறிக்கும் அந்தச் சிவப்பு மையில் அதே அளவுக்கு வராது, அதற்கு ஈடுகட்டச் சுவரை இன்னும் ஒரு படி இருட்டாக்கித் தர வேண்டியிருக்கும்.